பார்த்துக்கொண்டிருப்பதும் பார்த்துக்கொள்வதும்



ஒரு குடும்பம் ஹோட்டன் சமவெளியைப் பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் நுவரெலியாவிலிருந்து வான் பிடித்துப் பட்டிப்பொல வழியாக மேலே ஏறுகிறார்கள். வாயிலில் பைகளைத் திறந்து காட்டிப் பொலித்தீன் உறைகளை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மரைகள் அவற்றைத் தின்று செத்ததால் வந்த கட்டுப்பாடு அது. பின்பு உலக முடிவை நோக்கி நடக்கிறார்கள். மூட்டம் மெல்ல விலகுகிறது. வழியோரக் காட்டில், விரித்த குடைகள் போன்ற பச்சை மரங்களுக்கு நடுவே, இலையுதிர்ந்து, பட்டை கழன்று, எலும்பாய் வெளிறிய மரங்கள் கூட்டங் கூட்டமாக நிற்கின்றன. எட்டு வயது மகள் கேட்கிறாள்: "அப்பா, ஏன் இந்த மரங்கள் செத்துப்போய் நிக்குது?" மூட்டம் மறுபடி மூடுமுன் உலக முடிவுக்குப் போய்ச்சேர வேண்டுமே என்ற அவசரம் அப்பாவுக்கு. "அது எப்பவும் அப்பிடித்தான். கெதியா நட, பிள்ளை."

அந்தத் தகப்பன் பொய் சொன்னாரா?

மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்வதே பொய் என்று அறநெறி நூல்கள் வரையறுக்கும். அந்த அளவுகோலின்படி அவர் பொய்யர் அல்லர். அவர் அந்தக் காட்டைக் காண்பது அன்றுதான் முதன்முறை. தாம் கண்டதையே "எப்பவும்" என்று நம்பிச் சொன்னார். ஆயினும் அவர் சொன்னது உண்மையும் அன்று. யாரும் பொய் சொல்லாத ஓரிடத்தில் உண்மையற்ற ஒன்று எப்படிப் பிறந்தது? நம்முடைய ஆயுளைவிட மெதுவாகச் சாகின்ற ஒன்றுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? இந்த இரு கேள்விகளையும் கொஞ்சம் சிந்திப்போம். இதை எழுதுபவன் தாவரவியல் படித்தவன் அல்லன். ஆனால் இது தாவரவியலாரிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய கேள்வியாகவும் தோன்றவில்லை.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்தது. பரப்பளவு 3,160 ஹெக்டேயர். பத்தனைப் புல்நிலமும் குள்ளமாய் முறுகி வளர்ந்த மலைக்காடும் மாறி மாறி வரும். கிரிகல்பொத்தை, தொட்டுபொல கந்தை என்ற உயர்ந்த சிகரங்கள் அதன் ஓரங்களில் நிற்கின்றன. 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஊற்றுநீர் இந்த மேட்டிலிருந்து இறங்குகிறது. மூதூரில், கொட்டியாரக் குடாவின் கரையில் இதை வாசிப்பவர் தமக்கும் இந்த மலைக்கும் என்ன உறவு என்று கேட்க வேண்டியதில்லை. அவருடைய வாசலில் கடலோடு கலக்கும் மகாவலியின் ஒரு பங்கு அங்கிருந்து புறப்பட்டதுதான்.

இத்தகைய மலைக்காடு மழையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. காற்றோடு வரும் மூட்டம் இலைகளிலும், கிளைகளைப் போர்த்திய பாசியிலும் பட்டுத் துளித்துளியாய்த் திரண்டு மண்ணில் சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் மரம் முகிலிலிருந்து நீரைக் கறந்துகொண்டிருக்கிறது. மரம் போய்விட்டால், மூட்டம் வந்தாலும் அதைப் பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இராது.

இந்தக் காட்டின் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வருகின்றன. தொட்டுபொல கந்தைப் பகுதியில் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போவதைப் பற்றிய ஒரு கட்டுரை 1978இல் வெளியாயிற்று. அதன்பின் சமவெளியின் பல பகுதிகளிலும் இதே காட்சி பதிவாயிற்று. சிங்களத்தில் 'கீன' என்று வழங்கும் மரமே அதிகம் அடிபட்டது. நாவலின் உறவான சில மலைமரங்களும், காட்டுக் கறுவா இனம் ஒன்றும் அதோடு சேர்ந்து பட்டன.

ஏன்? இங்கேதான் சிக்கல். மழை குறைந்து வேருக்கு நீர் போதவில்லை என்றார்கள் சிலர். காற்றிலே வரும் நஞ்சும் மண்ணின் அமிலத்தன்மையும் காரணம் என்றார்கள் வேறு சிலர். மண்ணில் ஈயம் இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டினர். வேரைத் தாக்கும் பங்கசைத் தேடினார்கள் சிலர். பெருகிவிட்ட மரைகள் இளங்கன்றுகளைக் கடித்துவிடுவதால் விழுந்த மரத்தின் இடத்தை நிரப்ப ஆளில்லை என்றார்கள் இன்னும் சிலர். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஓர் ஆதாரம் இருந்தது. மரங்கள் மரணசாசனம் எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. 1978க்கு முந்திய ஐம்பது ஆண்டுகளில் இதே காட்டில் எத்தனை கீன மரங்கள் நின்றன, ஆண்டுக்கு எத்தனை பட்டன, எத்தனை கன்றுகள் மேலே வந்தன என்று எண்ணி எழுதிவைத்தவர் எவருமில்லை. நோயாளி படுக்கையில் கிடக்கிறார், வைத்தியர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் அவர் சுகமாயிருந்த காலத்தைப் பற்றிச் சொல்ல வீட்டார் ஒருவரும் இல்லை. நிலைமை அதுதான்.

மழையின் கதை வேறு. நுவரெலியாவில் மழை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அளந்து எழுதப்பட்டு வருகிறது. தோட்டத்துக் கந்தோர்களில் மழைமானி இருந்தது, தினந்தோறும் எழுதும் கொப்பி இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நுவரெலியாவின் மழை படிப்படியாகக் குறைந்ததை நமக்குச் சொன்னவை அந்தப் பழைய எண்கள்தான். மழையை ஏன் அளந்தார்கள்? மழை கோப்பிக்கும் தேயிலைக்கும் வேண்டியதாயிருந்தது. காட்டை ஏன் அளக்கவில்லை? அதன் இலையை எவரும் விற்கவில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று ஆலோசனை கூறினார். அரசும் அதற்கு இசைந்தது. ஹோட்டன் சமவெளிக் காடு இன்றும் நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆகவே அக்காலத்தவர் எல்லோரையும் கண்ணில்லாதவர்கள் என்று தூற்றுவது நேர்மையாகாது. வெட்டாதே என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெட்டாமல் விட்டதைக் கவனித்துக்கொண்டு வர வேண்டும் என்பதே தோன்றவில்லை. வேலி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் அன்றைக்கு மட்டும் உரியதா என்ன?

சரி, ஒரு காட்டை எண்ணுவது எப்படி? கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிது. ஒரு துண்டு நிலத்தைக் கயிறிட்டு அளந்துகொள்வது. அதிலுள்ள ஒவ்வொரு மரத்திலும் இலக்கமிட்ட சிறு அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டுவது அல்லது அறைவது. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், ஏறக்குறைய ஒருவரது மார்பளவில், மரத்தின் சுற்றளவை நாடாவால் அளப்பது. ஐந்து ஆண்டு கழித்து அதே மரத்தை அதே உயரத்தில் மறுபடி அளப்பது. எது தடித்தது, எது பட்டது, புதிதாய் எது வந்தது என்று எழுதுவது. பிறகு இன்னும் ஐந்து ஆண்டு. நம் நாட்டில் இதைச் சிறப்பாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். மலைநாட்டின் தென்மேற்கே, தாழ்ந்த மழைக்காடாகிய சிங்கராஜாவில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர் 1993இல் 25 ஹெக்டேயர் நிலத்தில் இத்தகைய ஆய்வைத் தொடங்கினார்கள். விரல் தடிப்பு மரக்கன்று முதற்கொண்டு எண்ணியபோது, ஏறக்குறைய 2 இலட்சம் மரங்கள், 200க்கும் மேற்பட்ட இனங்கள். இரண்டு இலட்சம் தடவை குனிந்து நிமிர்ந்து, அட்டைக்கடியில், மழையில், பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். மரம் தடிக்கத் தடிக்க அந்தத் தகட்டையும் ஆணியையும் விழுங்கிவிடும். மறுமுறை வருபவர் தேடிப் புதிது போடவேண்டும்.

இனி ஒரு நியாயமான ஆட்சேபம். இப்படி எண்ணிக்கொண்டிருப்பதால் என்ன வந்தது? சாகிற மரத்தைச் சாகிறது என்று எழுதிவைப்பது புண்ணியமா?

மத்திய அமெரிக்காவில், கொஸ்தாரிக்கா நாட்டின் மொன்தேவேர்தே என்ற மலைக்காட்டில் நடந்தது இந்த ஆட்சேபத்துக்கு வலுச் சேர்க்கிறது. பொன்னிறத் தேரை ஒன்று அங்கே வாழ்ந்தது, உலகில் வேறெங்கும் இல்லை. மழை தொடங்கும் சில வாரங்களில் மட்டும் வெளிவந்து சிறு குட்டைகளில் கூடும். அதைக் கவனித்து எண்ணிக்கொண்டிருந்தவர்கள் 1987இல் 1,500க்கும் மேற்பட்டவற்றைக் கண்டார்கள். 1988இல் பத்து. 1989இல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு எவரும் காணவில்லை. வரட்சியும் வெப்பமும் காரணமா, தேரைகளின் தோலைத் தாக்கும் பங்கசு காரணமா என்று இன்றும் வாதிக்கிறார்கள். எண்ணியது அந்தத் தேரையைக் காப்பாற்றவில்லை. அவ்வளவு விரைவில் அது போய்விட்டது.

ஆனால் எண்ணாமல் விட்டிருந்தால்? அது போனதுகூடத் தெரிந்திராது. இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை கேட்டிருந்தால், "அப்படி ஒன்று இங்கே எப்பவும் இருந்ததில்லை" என்று யாரோ ஒரு தகப்பன் சொல்லியிருப்பார். அவரும் பொய்யராயிருந்திருக்கமாட்டார்.

ஹவாய்த் தீவின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே எரிமலைச் சரிவுகளின் மழைக்காட்டில் 'ஒஹியா' என்ற மரமே தலையாயது. 1950களில் எடுத்த வான்படங்களையும் 1970களின் தொடக்கத்தில் எடுத்தவற்றையும் ஒப்பிட்டபோது, பெருமளவு நிலத்தில் ஒஹியா பட்டுப்போயிருந்தது. ஏதோ கொள்ளைநோய், காடு அழியப்போகிறது என்று பீதி எழுந்தது. கிருமியைத் தேடினார்கள். ஆனால் டீற்றர் மியூலர்-டொம்பொயிஸ் என்ற தாவரவியலாளர் (1960களின் இறுதியில் இலங்கையில் றுகுணு வனத்தில் ஆய்வு செய்தவர் இவர்) குறித்த நிலத்துண்டுகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அவரும் அவருடைய மாணவர்களும் கண்டது வேறு. ஒரே எரிமலைக் குழம்பின் மேல் ஒரே காலத்தில் முளைத்த மரங்கள், ஒரே ஊரில் ஒரே ஆண்டில் பிறந்தவர்களைப் போல, ஒன்றாகவே முதுமையடைந்து தளர்ந்து பட்டிருந்தன. அவை பட்டதால் திறந்த வெளிச்சத்தில் அவற்றின் காலடியிலேயே புதிய ஒஹியாக் கன்றுகள் எழுந்துகொண்டிருந்தன. பல இடங்களில் காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் பார்த்தவனுக்கு அது சாவு. முப்பது வருடம் பார்த்தவனுக்கு அது தலைமுறை மாற்றம்.

கதை அதோடு முடிந்திருந்தால் நமக்கு வசதியாயிருக்கும். "இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டிவைக்கலாம். முடியவில்லை. 2014இல் அதே தீவில் ஒஹியாவை விரைவாகக் கொல்லும் உண்மையான பங்கசு நோய் ஒன்று இனங்காணப்பட்டது. இலட்சக்கணக்கான மரங்கள் இதுவரை அதற்குப் பலியாகியுள்ளன. முதல் முறை நோயென்று அஞ்சியது பெரும்பாலும் நோயல்ல. இரண்டாம் முறை வந்தது நோயேதான். வெளிப்பார்வைக்கு இரண்டும் பட்ட மரங்கள். முந்திய சாவின் நடையும் வேகமும் எழுதப்பட்டு இருந்ததால்தான், இது வேறு என்று சொல்ல முடிந்தது.

ஹோட்டன் சமவெளியில் நடப்பது இவ்விரண்டில் எது? அல்லது இரண்டும் சேர்ந்ததா? ஹவாயின் விடையை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்கே ஒரே மரம் ஆட்சி செய்கிறது, இங்கே பல இனங்கள் கலந்து நிற்கின்றன. அங்கே கன்று எழுந்தது, இங்கே எழும் கன்றை மரை கடிக்கிறது. தை மாசிக் காலத்து உறைபனியும் பொசுக்குகிறது. வெளிச்சம் திறந்த இடத்தில் நம் மரத்துக்கு முன்பே பன்னப் புதர்களும், மஞ்சட்பூப் பூக்கும் முட்செடியும் வந்து குந்திவிடுகின்றன. அந்த முட்செடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. விடை இந்த மண்ணிலிருந்தே வரவேண்டும், அதுவும் ஆறுதலாகத்தான் வரும்.

அவசரத் தீர்ப்பு இரண்டு வகை என்பதைக் கவனியுங்கள். "எல்லாம் அழிகிறது" என்பது ஒன்று, "எப்பவும் அப்படித்தான்" என்பது மற்றது. முன்னதைச் சொல்பவர் அக்கறையுள்ளவராகவும், பின்னதைச் சொல்பவர் அலட்சியமானவராகவும் நமக்குத் தோன்றும். ஆனால் இருவரும் செய்வது ஒன்றே. ஒருநாள் பார்த்ததைக் கொண்டு எல்லா நாளுக்கும் சாட்சி சொல்கிறார்கள்.

நமது மொழி இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லித்தருகிறது. அயல்வீட்டில் ஒருவன் மனைவியை அடிக்கும்போது நீ "பார்த்துக்கொண்டிருந்தாயா?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டு. "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்றால் அது பொறுப்பு. கண் செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான். பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது? தொடர்ச்சியில் இருக்கிறது என்பது என் எண்ணம். பார்த்துக்கொண்டிருப்பவன் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பார்த்துக்கொள்பவன் எழுந்து போகும்போது இன்னொருவரை அந்த இடத்தில் இருத்திவிட்டுத்தான் போகவேண்டும். பார்த்ததை அவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையை நினைத்துப்பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு வந்து காய்ச்சலை அளந்து எழுதும் தாதி அந்தக் காய்ச்சலைத் தணிப்பதில்லை. விடிந்ததும் வேறொருவர் வருவார், அவருக்கும் எட்டு மணிநேரம்தான். அவர்கள் எழுதிய புள்ளிகள் ஒரு கோடாகச் சேர்ந்தபின்தான் வைத்தியருக்கு நோய் தெரிகிறது. ஆனால் அட்டை மட்டும் தொங்க, வைத்தியர் வராமலேயிருந்தால்? அப்போது அந்த எழுத்து ஒரு கேலிக்கூத்து. ஆகவே எண்ணுபவரின் பணியைப் புகழ்ந்துவிட்டுச் செயற்படவேண்டியவரைத் தப்பவிட முடியாது. முட்செடியைப் பிடுங்குவதற்கும், கன்றுக்கு வேலியிடுவதற்கும், மலையேறும் வாகனங்களின் தொகையைக் கட்டுப்படுத்துவதற்கும் ஈயமா மழையா என்ற வழக்குத் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "இன்னும் ஆராய்கிறோம்" என்பதை ஒரு போர்வையாகப் போர்த்திக்கொண்டு உறங்குவதும் உண்டு. எமது கந்தோர்களில் அது அபூர்வமான நோயன்று.

பதிவு செய்பவரின் நேர்மையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அறநெறிக் கேள்வி மிகக் கூர்மையாக வந்து நிற்பது அங்கேதான். ஒருவர் மாதமொருமுறை மலையேறி மழைமானியைப் பார்க்கவேண்டும். ஒரு மாதம் மழை, வழுக்கல், உடம்புக்கும் சரியில்லை. போன மாதம் இவ்வளவு, போன வருடம் இதே மாதம் இவ்வளவு, ஆகவே இந்த மாதம் இவ்வளவு இருக்கும் என்று கீழேயிருந்தே ஓர் எண்ணை எழுதிவிடுகிறார். யாருக்கு நட்டம்? இன்றைக்கு யாருக்கும் இல்லை. சம்பளம் கொடுப்பவருக்கும் தெரியாது. ஆனால் முப்பது வருடம் கழித்து, அப்போது பிறந்தேயிராத ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் இருந்து அந்தக் கொப்பியைத் திறந்து, அந்த எண்ணையும் மெய்யென்று நம்பிக் கோடு வரைவாள். அந்தக் கோட்டை நம்பி இன்னொருவர் முடிவெடுப்பார். ஏமாற்றப்பட்டவர் குரலெழுப்பவே முடியாத ஓர் ஏமாற்று இது. அதற்குப் பதில் "இம்மாதம் அளக்கவில்லை" என்று எழுதினால்? வெட்கந்தான். ஆனாலும் அந்த வெற்றிடம் உண்மை பேசும்.

நம் பங்குக்கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளை எண்ணிப்பார்க்கிறேன். அந்தப் புத்தகத்தின் முதற் பக்கத்தை எழுதிய குருவானவர் கடைசிப் பக்கத்தைக் கண்டதில்லை. பெயர், பெற்றோர், திகதி, ஞானத்தாய் தந்தையர் என்று ஒரே மாதிரியான வரிகள். எழுதும்போது அலுப்புத் தட்டும் வேலைதான், மறுப்பதற்கில்லை. போர்க்காலத்தில் வீடும் பத்திரங்களும் இழந்து, ஊர் ஊராய் இடம்பெயர்ந்து நின்ற எத்தனையோ பேருக்கு, தான் இன்னாருடைய பிள்ளை என்று காட்ட அந்த ஒரு வரியே மிஞ்சியது. அதை எழுதியவர் இப்படியொரு நாள் வருமென்று நினைத்து எழுதவில்லை. எழுதவேண்டியிருந்தது, எழுதினார்.

புனித தோமஸ் அக்குவீனாஸ் விவேகம் என்னும் நற்பண்பின் கூறுகளை ஆராயும்போது முதலில் வைப்பது நினைவை. வருவதை முன்னறிந்து ஏற்பாடு செய்வதும் அதே பண்பின் கூறுதான் என்கிறார், ஆனால் அது பின்னால் வருகிறது. குருமடத்தில் அதைப் படித்த நாளில் இந்த வரிசை எனக்கு விசித்திரமாய் இருந்தது. வருங்காலத்தைப் பற்றிய பண்புக்கு நடந்துபோனது எதற்கு? ஹோட்டன் சமவெளி அதற்கு விளக்கம் சொல்கிறது. நினைவில்லாத இடத்தில், இந்த மரம் நாளை என்னாகும் என்று எவராலும் சொல்ல முடியவில்லையே!

"பசித்தவன் இருக்கையில் மரத்துக்கு நாடா பிடிப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களிடம் இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். நாடாவும் தகடும் பென்சிலும் பெரிய செலவில்லை. செலவாவது மனிதரின் நிலைத்தன்மை. மூன்று வருடத்துக்குப் பணம் வரும், ஒரு மாணவர் பட்டம் பெறும்வரை அளப்பார், பிறகு கொப்பி அலுமாரிக்குள் போகும். மரமோ நூறு இருநூறு வருடம் வாழ்வது. மேலும், காடு வரண்டால் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்கப்போகிறவள் மலையடிவாரத்து லயத்தில் இருக்கும் தாய். கொழும்பில் குழாயைத் திறப்பவருக்கு அது ஆகக் கடைசியாகத்தான் தெரியவரும். ஆக இது ஏழையின் பசிக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் செலவன்று.

அந்த லயத்து மக்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம்மவரின் கையில்தான் மலைநாட்டுக் காட்டை வெட்டிய கோடரி இருந்தது. வெட்டச் சொன்ன வாய் வேறிடத்தில் இருந்தது, இலாபமும் வேறிடத்துக்கே போயிற்று. அவர்களையும் ஒருவன் தினந்தோறும் எண்ணினான். காலைப் பிரட்டில் தலைகளை, மாலையில் கொழுந்தின் நிறையை. செக்றோலில் எல்லாம் பதிவாயிற்று. எடுத்துக்கொள்வதற்காக எண்ணுவது ஒன்று, காப்பதற்காக எண்ணுவது வேறொன்று என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். எந்த மலையிடுக்கில் எந்த மாதம் வரை ஊற்று வற்றாது, எந்தக் காட்டோரத்தில் முன்பு எந்த மரம் நின்றது என்பதைக் காலால் அறிந்த மக்கள் அவர்கள். நாடு அவர்களை அனுப்பியபோது மலையின் நினைவிலும் ஒரு பகுதியை அனுப்பிவிட்டது. அதை எந்தக் கணக்கிலும் எழுதிவைக்கவில்லை.

எஞ்சியிருக்கும் முதியவர்கள் இன்னும் சில காலமே நம்மோடு இருப்பார்கள். அட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர்கள் ஒரு கொப்பியோடு அவர்களிடம் போய் உட்கார்ந்தால் என்ன? ஊற்றுகளின் பெயரையும் வற்றிய ஆண்டையும் கேட்டு எழுதினால் என்ன? விஞ்ஞானிகள் அதை அப்படியே ஏற்கமாட்டார்கள். முதியவரின் ஞாபகம் தவறக்கூடியதுதான். ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் அது ஒரு தொடக்கம்.

இனி அந்தத் தகப்பனிடம் திரும்புவோம். உலக முடிவு அன்றைக்கு மூட்டத்துக்குள் மறைந்துபோயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அவசரம் தீர்ந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் அதே மரங்களைக் கண்டதும் பிள்ளை மறுபடி கேட்கிறாள். இந்த முறை அவர் நிற்கிறார். "எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. பெரிய படிப்புப் படிச்ச ஆக்களுக்கும் முழுசாத் தெரியாதாம். நாப்பது அம்பது வருசமா எழுதி வைச்சுக்கொண்டு வாறாங்கள்." பிறகு, ஏதோ நினைத்தவராய், "அந்த மரத்தடியிலை சின்னக் கண்டு ஏதும் முளைச்சிருக்கோ எண்டு பார்" என்கிறார்.

பிள்ளை பாதையை விட்டு இறங்காமல், முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து பார்க்கிறாள்.

"ரெண்டு இருக்கு, அப்பா. ஒண்டை ஏதோ கடிச்சிருக்கு."